வயலைப் படம் பிடிக்கும்போது கை ஆடக்கூடாது

நம்ம வாட்ஸ்அப் குழுக்களில் பயிர்ப்படம் வராத நாளில்லை. "ஐயா, இது என்ன நோய்? உடனே சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தால் பச்சையும் பழுப்பும் கலந்த கூழ்தான் தெரியுது. அதைப் பார்த்தும் நாலு பேர் பதில் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இலையில் குலைநோய்ப் புள்ளி இரு முனையும் கூராக, கண் மாதிரி இருக்கும்; நடுவில் சாம்பல் நிறம். பழுப்புப் புள்ளி நோய் என்றால் எள்ளு மாதிரி முட்டை வடிவம். முதலாவது பெரும்பாலும் தழைச்சத்து கூடிப்போன வயலில் தீவிரமாகும். இரண்டாவது சத்துக் குறைந்த மண்ணில் அதிகம். ஒன்றுக்குத் தழைச்சத்தைக் குறைக்கணும், இன்னொன்றுக்கு மண்ணையே தேற்றணும். கலங்கிய படத்தில் இரண்டும் ஒரே பழுப்புப் பொட்டு. புகையானும் அப்படித்தான். அது தூரடியில், இருட்டில் கிடக்கும். அதன் முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதே இடத்தில்தான் திரியும். படம் ஆடிப்போச்சுன்னா நண்பனும் பகையும் ஒன்றாகி, கடைசியில் எவராவது ஒருவர் "மருந்து அடிங்க" என்பார். வருஷக்கணக்கில் விஷம் தொடாத வயலில் அந்த ஒரு வார்த்தை என்ன செய்யும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது காசும் இதில் சேர்ந்துவிட்டது. நெல் வயல் நீரில் மூழ்குவதை, தனி வயல் அளவில் இழப்பு பார்க்கும் பட்டியலிலிருந்து 2018-ல் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் எடுத்துவிட்டது. டெல்டாவில் மூழ்காத ஐப்பசி ஏது? 2026 காரீப் பருவத்திலிருந்து மறுபடி சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. இழப்பை 72 மணி நேரத்துக்குள் செயலியில், இடக்குறியோடு படம் ஏற்றித் தெரிவிக்கணும் என்றும் அதில் இருக்கிறது. அதாவது மழை விட்டும் விடாமலும் இருக்கும்போது, முழங்கால் சேற்றில் நின்று, நடுங்கும் கையோடு உழவர் தன் சாட்சியைத் தானே தயார் பண்ணணும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. அதிகாரி வயலுக்கு வந்து பார்க்கணும் என்ற கோரிக்கையை நாம் விடக்கூடாது. ஆனால் "படம் தெளிவில்லை" என்று தள்ளுவதற்கு நாமே ஒரு சாக்கை எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

படம் ஏன் கலங்குது? வெளிச்சம் குறையக் குறைய போன் தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். நல்ல வெயிலில் நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. கார்த்திகை மூட்டத்தில் அது கூடும்; அந்தியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடப் போகலாம். அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் அசைவு முழுக்கப் படத்தில் பதியும். விலை கூடின போனும் இதற்கு ஓரளவுதான் ஈடு கொடுக்கும்.

முதலில் கண்ணாடியைத் துடைங்க. பஞ்சகவ்யா கரைத்த கையோடு போனை எடுக்கிற ஆளுங்க நாம! பிறகு இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு எடுங்க. மண்வெட்டிக் காம்பை ஊன்றி அதன்மேல் கையை வைக்கலாம். வரப்பில் உட்கார்ந்து முழங்காலில் முட்டுக் கொடுக்கலாம். திரையைத் தட்டும்போதுதான் போன் அதிகம் ஆடும். அதனால் மூன்று நொடி டைமர் வைத்துவிட்டால் விரல் எடுத்த பிறகு படம் விழும். ஜூம் பண்ணாதீங்க, ஆட்டமும் சேர்ந்து பெரிசாகும். கிட்டப் போங்க. ரொம்பக் கிட்டப் போனாலும் போனுக்குக் கண் தெரியாது. ஒரு சாண் தள்ளி நிறுத்தி, புள்ளி இருக்கிற இடத்தைத் திரையில் தொட்டுக் காட்டுங்க.

கை ஆடாமலே இலை ஆடினாலும் படம் கலங்கும். காவிரிக் காற்று நமக்காக நிற்காது. இலையைக் கிள்ளி வெள்ளைத் துண்டின்மேல் வைத்து, உடம்பு நிழல் விழாமல் எடுத்தால் போதும். பாரம்பரிய நெல் ரகத்துக்கும் இதே வழிதான். நெல் நுனியில் மீசை இருக்கா, உமி என்ன நிறம் என்பது தெரியாத படத்தை வைத்து விதை மாற்றிக்கொள்வது ஆபத்து.

மூழ்கின வயலுக்குக் கிட்டத்துப் படம் மட்டும் போதாது. வரப்பு, மின்கம்பம், தென்னை ஏதாவது ஒன்று தெரிய ஒன்று எடுங்க. அடிக்கணக்கு குறித்த குச்சியை ஊன்றி, தண்ணி எந்தக் கோடு வரை நிற்குதுன்னு இன்னொன்று. ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்து, அங்கேயே பெரிசாக்கிப் பார்த்துவிட்டு வரப்பை விட்டு ஏறுங்க. குழுவுக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்காது.

இடுபொருள் பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்குகிற நம் கூட்டங்களில் இதற்கு அரை மணி ஒதுக்கலாம் என்பது என் கருத்து. களை எடுக்கிற பெண்கள்தான் பூச்சியை முதலில் பார்க்கிறவர்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்கணும். சம்பா நாற்று விடுவதற்கு முன்னால், வெயில் இருக்கும்போதே வைத்துக்கொண்டால் நல்லது.