பீரங்கிக் குண்டு அளந்த மண்

நிலத்தைக் கோலால் அளப்பர், கயிற்றால் அளப்பர், காலடியால் அளப்பதும் உண்டு. பீரங்கிக் குண்டால் நிலத்தை அளந்து அயலானுக்கு விற்ற கொடுமையும் தமிழ்மண்ணில் நிகழ்ந்தது. அது நிகழ்ந்த இடம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம்; ஆண்டு 1690.

உள்நாட்டு வணிகர் ஒருவர் எழுப்பியது எனக் கூறப்படும் சிறு கோட்டை ஒன்று அங்கு இருந்தது. 1677-இல் செஞ்சியைக் கைக்கொண்ட மராட்டியர் வயம் அக்கோட்டையும் சென்றது. பின்னர் முகலாயப் படையின் நெருக்கடிக்கு உள்ளாகிச் செஞ்சியில் தங்கியிருந்த மராட்டிய மன்னர் இராசாராமுக்குப் பொருள் வேண்டியிருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்திய வணிகக் குழுமத்திற்கோ கடற்கரையில் ஒரு காலூன்றும் இடம் வேண்டியிருந்தது. விலை பேசி முடித்தனர். கோட்டையைச் சுற்றி எத்திசையிலும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுவரை உள்ள நிலமெல்லாம் வாங்கியவனுக்கே என்பது ஒப்பந்தம். அதற்கெனச் சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றைத் தேர்ந்தனுப்பினர். குண்டு போய் விழுந்த இடமே எல்லையாயிற்று. எல்லைக்குள் அகப்பட்ட ஊர்கள் 'குண்டு' ஊர்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதனை நினைவூட்டி நிற்கின்றது. விற்றவனும் இம்மண்ணினன் அல்லன். வாங்கியவனும் இம்மண்ணினன் அல்லன். அங்கு உழுதவனையும் நெய்தவனையும் வலைவீசியவனையும் ஒரு சொல் கேட்டவர் எவருமிலர்.

அயலாருடன் வணிகம் செய்வது தமிழர்க்குப் புதிதன்று. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் உரோமர் தேறல் கொணர்ந்த சாடிகளும் இத்தாலிய மட்கலங்களும் கிடைத்தன. உரோமர் வந்தனர், கொண்டனர், கொடுத்தனர், சென்றனர். துறை தமிழருடையதாகவே இருந்தது. ஆதலின் கேடு கடல் வணிகத்தால் வந்ததன்று. துறையின் உரிமை கைமாறியதால் வந்தது. இவ்வேறுபாட்டை உணராதார் கடலூரின் வரலாற்றை உணராதாரே ஆவர்.

ஐரோப்பியர் இக்கரைக்கு ஏன் வந்தனர்? தமிழ் நெசவாளர் நெய்த பருத்தித் துணிக்காகவே வந்தனர். ஒல்லாந்தர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செஞ்சி நாயக்கரிடம் இசைவு பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் இறங்கினர். இந்தியத் துணிகளின் சிறப்பைத் தாங்கமாட்டாத ஆங்கில நாடு, தன் நெசவைக் காக்க 1700-இலும் 1721-இலும் அவற்றைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. கைத்திறத்தால் வெல்ல முடியாதவர்கள் சட்டத்தாலும் பீரங்கியாலும் வென்றனர்.

விலைக்கு வாங்கிய கோட்டைக்குத் தூய தாவீது கோட்டை என்று பெயர் சூட்டப்பட்டது. வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரியில் பிரெஞ்சியர் இருந்தனர். ஒருவன் கொடியை மற்றவன் கண்காணிக்கும் அண்மை அது. 1746-இல் சென்னை பிரெஞ்சியர் கையில் வீழ்ந்ததும் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினமே ஆயிற்று. 1752 வரை அவ்வாறே இருந்தது. தூப்ளே பலமுறை முயன்றும் அக்கோட்டையைக் கைப்பற்ற இயலவில்லை. 1748-இல் இங்கு வந்த இலாரன்சு என்னும் படைத்தலைவன் குழுமத்தின் படையை ஒழுங்குபடுத்தினான். இம்மண்ணின் மக்கள் அயலான் கூலிக்கு அயலான் துப்பாக்கியை ஏந்தப் பழகியது அப்படையில்தான். சென்னையிலிருந்து தப்பியோடி வந்து எழுத்தன் வேலையை விட்டுப் படைஞனான கிளைவு, 1756-இல் இக்கோட்டையின் தலைவனாகி, அவ்வாண்டே வங்கத்திற்குச் சென்றான். அடுத்த ஆண்டே பிளாசி! வங்கத்தின் விலங்கும் இக்கரையில்தான் வார்க்கப்பட்டது.

1758 சூனில் இலாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். 1760-இல் வந்தவாசி வெற்றிக்குப்பின் கடலூர் மீண்டும் ஆங்கிலேயர்க்கு. 1782-இல் மைசூர்ப் படையின் துணையோடு மீண்டும் பிரெஞ்சியர்க்கு. 1783 சூன் 13-இல் கடலூர் மதிலின்கீழ் ஆங்கிலத் தளபதி சுடூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி புசியும் மோதினர். சூன் 20-இல் கடலில் சுப்ரேனும் இயூசும் மோதினர். இதில் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றுண்டு. ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் அவ்வாண்டு சனவரி 20-ஆம் நாளே ஐரோப்பாவில் அமைதிக்கு ஒப்பமிட்டு விட்டனர்! செய்தி கப்பலில் வந்துசேர ஐந்து திங்களுக்கு மேலாயிற்று. முடிந்துபோன போருக்காகக் கடலூர் மண்ணில் குருதி கொட்டிற்று. தொடங்கியவனும் அவன்; முடித்தவனும் அவன். மாண்டவர்களில் இந்நாட்டு மக்கள் எத்துணைப் பேர் என்று எண்ணிப் பார்த்தவன் எவன்? 1785-இல் ஊர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒரு பண்டம்போல் மாறியது.

பூசல் இருந்தவரை கடலூருக்கு மதிப்பு இருந்தது. பிரெஞ்சியர் வலியிழந்ததும் அம்மதிப்பும் ஒழிந்தது. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், மஞ்சக்குப்பத்தில் குழுமத் தலைவர்க்காக எழுந்த தோட்ட மாளிகை தென்னார்க்காட்டு ஆட்சியரின் உறைவிடமாயிற்று. கொடி பறந்த இடத்தில் வரிக்கணக்கு வந்து அமர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆலைத்துணி வந்து கைத்தறியை நசுக்கியது. சென்னையில் கட்டிய செயற்கைத் துறைமுகம் கப்பல்களை ஈர்த்துக்கொண்டது. பிறர் போருக்காக உயர்த்தப்பட்ட துறை பிறர் போர் ஓய்ந்ததும் தாழ்ந்தது. பிறர் தேவைக்காக வாழும் துறைக்கு வேறு முடிவு ஏது?

அந்தப் பூசல் கிழித்த எல்லைக்கோடு மட்டும் அழியாமல் நின்றது. ஆங்கில ஆட்சியின் கைக்கு அகப்படாமல் பிரெஞ்சுப் புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்த பாரதியார், 1918 நவம்பரில் அக்கோட்டைக் கடந்ததும் தளையிடப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். தமிழன் தன் நாட்டில் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவது குற்றமாயிற்று!

இன்றும் கடலூரில் இலாரன்சு சாலை உண்டு. இம்பீரியல் சாலை உண்டு. கேப்பர் மலை உண்டு. ஆறுகள் கூடும் கூடலூரே வெள்ளையன் நாவில் 'கட்டலூர்' எனச் சிதைந்தது. ஆனால் அதே ஊரில், நாவுக்கரசர் கல்லோடு மிதந்து கரையேறிய இடமென மக்கள் போற்றும் கரையேறவிட்டகுப்பமும் உண்டு. அது மக்கள் நெஞ்சு இட்ட பெயர். 'குண்டு' என்பது பீரங்கி இட்ட பெயர். எந்தப் பெயரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என்பதைத் தமிழர்தாம் முடிவு செய்தல் வேண்டும். கிளைவின் தீரத்தைப் படித்த பிள்ளை, குண்டு விழுந்த ஊரில் வாழ்ந்தவனைப் பற்றியும் ஒரு வரியேனும் படிக்கட்டும்.

பெயர் மாற்றத்தோடு கடமை முடிந்துவிடாது. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்தின்மேல் பாய்ந்தபோது உயிர் கொடுத்தவர்கள் கரையில் வாழ்ந்த மக்களே. உப்பனாற்றங்கரை வேதித் தொழிற்சாலைகளின் கழிவால் மீன்வளம் கெடுகின்றது என்று பல்லாண்டுகளாக முறையிடுபவர்களும் அவர்களே. துறையை விரிவாக்கலாம், ஆலை அமைக்கலாம், கப்பலும் வரட்டும். ஆனால் கரையின் எல்லையை வகுக்கும்போது கரையில் வாழ்வானைக் கேட்டு வகுக்க வேண்டும். அவனைக் கேளாமல் தாளில் இழுக்கும் ஒவ்வொரு கோடும் 1690-இல் வெடித்த அதே பீரங்கியின் குண்டே ஆகும்.

துறை தமிழனுடையது, அதன் பயனும் தமிழனுடையதாகுக!