உடனிருப்பவரின் சம்பளம்

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், கலிபோர்னியாவிலிருந்து நமஸ்காரம்.

கைகால்கள் முற்றும் வலுவிழந்த நம் ஊர்ப் பெண்ணொருத்தி, பன்னிரண்டாம் வகுப்பில் சிறப்பாகத் தேறியும், கல்லூரி வாசலை மிதியாமல் வீட்டிலேயே இருக்கிறாள் என்று கேள்வியுற்றது முதல் என் மனம் சஞ்சலத்திலேயே இருக்கிறது. அவளுடைய கட்டணத்தை ஊர்க் கல்வி நிதியிலிருந்து செலுத்த நீங்கள் முன்வந்தது பெரிய தர்மம். ஆனால் அவளைத் தடுத்து நிறுத்தியிருப்பது கட்டணம் அன்று.

இடத்துக்கும் கட்டணத்துக்கும் வழியுண்டு. நூற்றுக்கு 40 பங்குக்குக் குறையாத பாதிப்புடையோருக்கு அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் நூற்றுக்குக் குறைந்தது 5 இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. தொழில்நுட்பப் படிப்பில் சேருவோர்க்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு மேற்படாவிட்டால், ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் சக்ஷம் உபகாரச் சம்பளமும் இருக்கிறது. ஆயினும், விடியலில் அவளை எழுப்பிக் குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் அமர்த்தி, வகுப்பில் ஏடு புரட்டி, கழிப்பறைக்குத் தூக்கிச் சென்று, நள்ளிரவில் புரண்டு படுக்கவும் உதவுகிற ஒருவருக்கு மாதந்தோறும் யார் சம்பளம் கொடுப்பது? தாயார் உடன் போகலாமே என்பது சுலபமான யோசனை. அந்தத் தாயாரின் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

நான் வசிக்கும் இந்தத் தேசத்தாரும் இதே கேள்வியைச் சந்தித்தவர்களே. பதினான்காம் வயதில் போலியோ கண்டு, கழுத்துக்குக் கீழ் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்து, இரும்பு நுரையீரல் என்னும் சுவாச இயந்திரத்துக்குள் உறங்கிய எட் ராபர்ட்ஸ், 1962-இல் பெர்க்லி சர்வகலாசாலையில் சேர முற்பட்டபோது, அவர் ஒருநாளும் உத்தியோகத்துக்கு லாயக்காகார் என்று கூறி மாநில மறுவாழ்வுத் துறை முதலில் சகாயம் மறுத்தது. மாணவர் விடுதியில் அவ்வியந்திரத்துக்கு வசதியின்மையால் சர்வகலாசாலை ஆஸ்பத்திரியிலேயே தங்கிய அவரும், பின்னர் அங்கே வந்து சேர்ந்த நண்பர்களும், உதவியாளர்களைத் தாங்களே தேர்ந்து, தாங்களே வேலை ஏவி வாழப் பழகினார்கள். அந்த அனுபவத்திலிருந்து 1970-இல் அவர்களைப் போன்ற மாணவர்களுக்கென்றே ஒரு சேவைத் திட்டம் பிறந்தது. 1975-இல், சகாயம் மறுத்த அதே துறைக்கு ராபர்ட்ஸ் இயக்குநராக நியமனம் பெற்றார். உத்தியோகத்துக்கு லாயக்கற்றவர் என்ற அபிப்பிராயம் எத்துணை அவசரமானது!

ஆகையால், நம் நிதியின் கணக்கேட்டில் உடனிருப்பவரின் சம்பளம் என்று ஒரு தலைப்பைச் சேர்க்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். அவள் படித்து முடிக்கும் வரையில் அப்பொறுப்பில் பாதியை நான் ஏற்கிறேன். மீதியை நீங்கள் ஏற்க வேண்டும். யாரை அமர்த்துவது, எந்நேரத்துக்கு வரச் சொல்வது என்பவற்றை அந்தப் பெண்ணே தீர்மானிக்கட்டும்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப்பிள்ளை