காத்தை இறக்கிட்டு உள்ள வாங்க

என் தோட்டத்துக்கு யார் வந்தாலும் பேனா தடிமனில் ஒரு இரும்புக் கம்பியைக் கையில் கொடுத்து, மண்ணில் குத்திப் பாருங்கள் என்பேன். ஏழு வருசம் மூடாக்கு போட்ட மண். முக்கால்வாசி இடத்தில் கம்பி ஒரு அடி வரை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். தென்கிழக்கு மூலையில் மட்டும், இரண்டு கோடுகளில், நாலு விரல்கடை போனதும் நின்றுவிடும். அந்த இரண்டு கோட்டையும் போட்டது நாங்கள்தான்.

மூன்று வருசத்துக்கு முன்னால் ஐப்பசி மழை விட்டு இரண்டாம் நாள். வத்தலக்குண்டுக்கு ஒன்றரை டன் பூசணி போக வேண்டும். தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுவர ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாங்கிய பழைய டாடா 407 வண்டியை அப்படியே வயலுக்குள் விட்டோம். ரோட்டில் ஓடுகிற அதே காற்று, எழுபது பவுண்டுக்கு மேல். ஏற்றி முடிப்பதற்குள் சக்கரம் அரை முழம் புதைந்துவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தோம். அடுத்த பட்டத்தில் கத்திரி வைத்தேன். அந்த இரண்டு கோட்டில் மட்டும் செடி முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. தோண்டிப் பார்த்தால் வேர் கீழே போகாமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மண்புழு ஒன்றுகூட இல்லை. ஏழு வருசம் சேர்த்ததை ஒரு சாயங்காலத்தில் தொலைத்தேன்.

நம் கூட்டங்களில் பஞ்சகவ்யம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். விதை பற்றிப் பேசுகிறோம். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இது மண் சம்பந்தப்பட்ட விசயம். டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். டயரின் விறைப்புக்காகக் கொஞ்சம் கூடும், அவ்வளவே. எழுபது பவுண்டு காற்றோடு நிற்கும் டயர், சதுர அங்குலத்துக்கு எழுபது பவுண்டு என்ற கணக்கில் மண்ணை நசுக்குகிறது. காற்றைப் பாதியாக்கினால் டயர் பரந்து உட்காரும், அதே எடை இரண்டு மடங்கு இடத்தில் இறங்கும், மேல்மண் தப்பும். ஆழ்மண்ணுக்கு இது போதாது. அங்கே எட்டுவது அச்சின் மேல் இருக்கும் மொத்த எடை. ஆகவே காற்றைக் குறைத்துவிட்டோம் என்று இரண்டு மடங்கு சரக்கு ஏற்றினால் கதை கெட்டது.

நான் வங்கியில் அதிகாரியாக இருந்தவன். எத்தனையோ டிராக்டர் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டா பார்த்தேன், சிட்டா பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன். இந்த வண்டி எந்த மண்ணில் ஏறப் போகிறது என்று ஒரு ஆளிடமும் கேட்டதில்லை. இன்றைக்கு அந்தக் கம்பியைக் குத்தும்போது அது நினைவுக்கு வரும்.

சரி, காற்றைக் குறைப்பது சுலபம், வால்வை அழுத்தினால் போச்சு. திரும்ப ஏற்றுவதுதான் பாடு. பெட்ரோல் பங்கில் காற்று இலவசம்தானே என்பார்கள். உண்மைதான், ஆனால் பங்க் என் வரப்பில் இல்லை. குறைந்த காற்றோடு, பாரத்தோடு தார் ரோட்டில் ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். வரப்பிலேயே இறக்கி, வரப்பிலேயே ஏற்றினால்தான் இது நடக்கிற காரியம். அதற்கு வண்டியிலேயே கம்ப்ரஸர் வேண்டும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் கடலிலும் கரையிலும் ஓடுகிற டக் என்ற லாரியைச் செய்தார்கள். கடற்கரை மணலில் ஏறும்போது டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றைக் குறைப்பார், கெட்டித் தரை வந்ததும் ஏற்றுவார். இன்றைக்கு ஐரோப்பாவில் பெரிய டிராக்டர்களில் அதே ஏற்பாடு வருகிறது. விலையைக் கேட்டால் நமக்கு ஒரு ஏக்கர் நிலத்தின் ஞாபகம் வரும்.

எனக்கு வழி காட்டியது காட்ரோடு. கொடைக்கானல் மலையேறும் முன் லாரிகள் நிற்கும் இடம். ஒரு லாரிக்காரர் தன் வண்டியிலிருந்தே ஒரு ஹோஸை இழுத்துத் தன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். காற்று பிரேக் உள்ள பெரிய லாரிகளில் கம்ப்ரஸரும் டேங்கும் இயல்பாகவே உண்டு. அன்லோடர் வால்வில் டயருக்குக் காற்று எடுக்க ஒரு முனையே வைத்திருப்பார்கள். இந்த உறுப்புகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்று நினைக்க வேண்டாம். 1962-இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் சென்னைப் பாடியில் செய்து நாடெங்கும் அனுப்பியவை. உங்களிடம் அப்படிப்பட்ட லாரி இருந்தால் அந்த முனையையே பயன்படுத்துங்கள். பிரேக் டேங்கில் துளை போட்டு டீ பொருத்தும் வேலை மட்டும் வேண்டாம். அது காற்று அல்ல, உயிர்.

எங்கள் பழைய 407-இல் காற்று பிரேக் இல்லை. முதலில் சிகரெட் லைட்டரில் செருகுகிற சின்ன பம்பு வாங்கினோம். காருக்குச் சரி. எங்கள் வண்டிக்கு ஆறு டயர். இரண்டாவது டயரிலேயே பம்பு தொட முடியாத சூடு, மூன்றாவதில் புகை. அப்புறம்தான் மெக்கானிக் சொன்னார்: "மேனேஜர் சார், பழைய கார் ஏசி கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இன்ஜின் பெல்ட்டுல ஓட்டிப்புடலாம்."

மதுரையில் பழைய சாமான் கடையில் 2,800 ரூபாய். ஏசி கம்ப்ரஸரில் ஒரு வசதி, முன்னால் காந்தக் கிளட்ச் இருக்கும். 12 வோல்ட் கொடுத்தால் பிடிக்கும், நிறுத்தினால் கப்பி சும்மா சுற்றும். வேண்டும்போது மட்டும் இன்ஜின் பலம் இழுக்கும். இன்ஜின் பக்கத்தில் பிராக்கெட் போட்டு போல்ட்டில் கட்டினோம். சேஸிஸில் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. வெல்டிங்கின் சூட்டில் சேஸிஸ் பலம் போகும். தவிர மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. செய்வதற்கு முன் எஃப்.சி. பார்க்கிற இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் கம்ப்ரஸர் இருபது நாளில் இறுகிப்போனது. தப்பு எங்களுடையது. ஏசியில் எண்ணெய் கேஸோடு சேர்ந்து சுற்றித் திரும்ப கம்ப்ரஸருக்கே வந்துவிடும். காற்றை அடிக்கும்போது போன எண்ணெய் போனதுதான், திரும்பாது. உள்ளே காய்ந்து பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் உறிஞ்சும் பக்கம் ஒரு காற்று வடிகட்டி, அதையடுத்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுகிற லூப்ரிகேட்டர், வெளியேறும் பக்கம் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கிற கிண்ணம், எல்லாம் வைத்தோம். வெளியேறும் காற்று நல்ல சூடு. முதல் நாலடி தாமிரக் குழாய், அப்புறம்தான் ரப்பர். நடுவில் ஒரு நான்-ரிட்டன் வால்வு. இன்ஜினைச் சற்றே முடுக்கி வைத்தால் ஆறு டயரையும் இருபது நிமிடத்துக்குள் ஏற்றிவிடலாம். ஒரு டயருக்கும் அடுத்த டயருக்கும் நடுவில் கிளட்சை அணைத்து ஓய்வு கொடுக்கிறோம்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். கம்ப்ரஸர் 2,800, டேங்க் 1,500, பிராக்கெட்டும் கப்பியும் லேத் கூலியோடு 2,200, பெல்ட் 450, பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, நான்-ரிட்டன் வால்வு, கேஜ் எல்லாம் 1,650, குழாயும் ஹோஸும் 1,900, லூப்ரிகேட்டரும் பிரிப்பான் கிண்ணமும் 1,100, ரிலேயும் வயரும் 400. ஆக 12,000. ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டாயிரம். இறுகிப்போன முதல் கம்ப்ரஸரைச் சேர்த்தால் 14,800. அதை நான் வராக்கடன் தலைப்பில் எழுதிவிட்டேன்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. டேங்க். நம் ஆட்கள் சிலர் பிவிசி குழாயின் இரு முனையையும் மூடி டேங்க் ஆக்குகிறார்கள். பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து வெல்டு செய்கிறார்கள். இரண்டும் வெடிகுண்டு. பிவிசி உடையும்போது கண்ணாடிச் சில்லு மாதிரி சிதறும். நாங்கள் வாங்கியது கழித்த லாரியின் பிரேக் டேங்க். அதையும் அப்படியே நம்பவில்லை. உள்ளே இருந்த காற்றை முழுக்க வெளியேற்றித் தண்ணீர் நிரப்பி, பவர் ஸ்ப்ரேயர் பம்பால் மெதுவாக 180 பவுண்டு வரை ஏற்றி, கால் மணி நேரம் விட்டுப் பார்த்தோம். நாம் வைத்துக்கொள்ளும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். தண்ணீர் அமுங்காது, டேங்க் கிழிந்தாலும் பீச்சியடித்துவிட்டு நின்றுவிடும். காற்றை வைத்துச் சோதிக்கிறேன் என்று யாரும் இறங்காதீர்கள். எங்கள் சுவிட்ச் 100 பவுண்டில் கிளட்சை விடுவிக்கும். அது கெட்டாலும் 120-இல் சேஃப்டி வால்வு திறக்கும். டேங்க் அடியில் உள்ள திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். இந்த வேலையை டிரைவர் தம்பி மறப்பதில்லை. அவர் ஆசைப்பட்டது ஏர் ஹாரன். அதற்கு மட்டும் நான் கடன் மஞ்சூர் செய்யவில்லை.

இப்போது வரப்பு முனையில் வண்டி நிற்கும். காற்று முப்பத்தைந்து, நாற்பதுக்கு இறங்கும். மாட்டுவண்டி வேகத்தில் உள்ளே போய், பாதிப் பாரம் மட்டும் ஏற்றி, வெளியே வந்து காற்றை ஏற்றிக்கொண்டு மீதியை ரோட்டில் நிரப்புவோம். இந்த அளவு எங்கள் டயருக்கு, எங்கள் பாரத்துக்கு. உங்கள் டயர்க்காரரிடம் கேட்டு உங்கள் அளவை முடிவு செய்யுங்கள். ஈரம் அதிகமான நாளில் இதுவும் வேண்டாம், தலைச்சுமைதான்.

வாடகை டிராக்டர் வந்தாலும் எங்கள் ஹோஸ் அதுவரை எட்டும். டிரெய்லர் இழுத்து ரோட்டில் ஓடிப் பழகிய டிராக்டர்களில் பின்சக்கரக் காற்று வயலுக்குத் தேவையானதைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கிறது. முதல் தடவை சொன்னபோது டிராக்டர் தம்பி சிரித்தார். "காத்தைப் புடுங்குனா ஓனர் என்னைப் புடுங்கிருவாரு அய்யா" என்றார். வேலை முடிந்ததும் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று சொன்ன பிறகு இறங்கிவந்தார். இரண்டாவது தடவை அவரே வந்து நின்று, "காத்தை இறக்கிட்டு உள்ள வரவா?" என்றார். சக்கரம் வழுக்காமல் பிடித்து இழுக்கிறது, டீசல் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

ரேடியேட்டரில் அடைத்த தூசியை ஊத, டிஸ்க் ஃபில்டரைச் சுத்தம் செய்ய இந்தக் காற்று உதவும். ஒரு நண்பர் ஜீவாமிர்தத் தொட்டிக்குள் ஹோஸை விட்டுக் கலக்கலாமே என்றார். கூடவே கூடாது. இந்தக் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கிறது. நுண்ணுயிருக்கு மோட்டார் எண்ணெய் ஊட்டவா இவ்வளவு பாடு? அதற்கு மீன்தொட்டிப் பம்பே போதும்.

"மாட்டை வச்சு உழுதா இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஒரு மூத்த விவசாயி கேட்டார். உழவுக்கு அவர் சொல்வது சரி. மாடு கட்டியவர்கள் கட்டட்டும், வணங்குகிறேன். ஆனால் ஒட்டன்சத்திரத்துக்குக் காய் மாட்டுவண்டியில் போவதில்லை. இயற்கை விவசாயி வீட்டுச் சரக்கும் லாரியில்தான் ஏறுகிறது. தற்சார்பு என்று நாம் சொல்வது விதையோடும் சாணத்தோடும் நின்றுவிடுகிறது. நட்டு போல்ட்டை நகரத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். நம் மாதாந்தரக் கூட்டத்தில் ஒரு நாள் வெல்டரையும் ஏசி மெக்கானிக்கையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வேளாண் பொறியியல் துறையிடமும் ஒன்று கேட்கலாம்: வாடகைக்கு விடும் ஒவ்வொரு டிராக்டரிலும் ஒரு பிரஷர் கேஜும், வயலுக்கு எவ்வளவு, ரோட்டுக்கு எவ்வளவு என்று மட்கார்டில் பெயின்ட்டால் எழுதிய இரண்டு எண்ணும். இதற்கு மானியம்கூட வேண்டாம்.

தென்கிழக்கு மூலையில் சணப்பு விதைத்து இரண்டு தடவை மடக்கிவிட்டேன். இப்போது ஆமணக்கு நிற்கிறது. ஆணிவேர் இறங்கும் என்ற நம்பிக்கைதான். போன வாரம் கம்பியைக் குத்தினேன். நாலு விரல்கடை, ஆறாகியிருக்கிறது.