மலையடிவாரச் சாலையில் நடப்போருக்கு வழி உண்டா?



சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்துடன் இணைந்தது. எல்லை மாறிற்று, ஊரின் போக்குவரத்து மாறவில்லை. சென்னை - திருப்பதி தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கின்றது. அரக்கோணம், சோளிங்கர், நகரி ஆகிய ஊர்களின் சாலைகளும் இங்கே வந்து கூடுகின்றன. டிப்பர் லாரிகளும் இரு மாநிலப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் ஓயாமல் ஓடும் இச்சாலைகளில்தான், 365 படிகள் கொண்ட மலைக்கோயிலை நாடி, ஆடிக் கிருத்திகையின்போது பெருங்கூட்டம் நடந்து வருகின்றது.

இதிலுள்ள ஆபத்து கற்பனையன்று. 2024 ஆகஸ்டில், திருவள்ளூர் - திருத்தணி சாலையில் ராமஞ்சேரியருகே காரும் லாரியும் மோதியதில் கல்லூரி மாணவர் ஐவர் மாண்டனர். 2025 மார்ச்சில், கே.ஜி.கண்டிகையருகே அரசுப் பேருந்தும் டிப்பர் லாரியும் மோதிப் பயணிகள் சிலர் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டில் தமிழகத்தில் நிகழ்ந்த சாலை விபத்துகள் 64,105. மாண்டவர் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் மாநிலமே நாட்டில் முதலிடம் பெற்றது.

பொறுப்பு யாருடையது? தேசிய நெடுஞ்சாலைக்கு ஓர் அமைப்பு. மாநிலச் சாலைக்கு நெடுஞ்சாலைத் துறை. போக்குவரத்தை ஒழுங்கு செய்யக் காவல் துறை. மலைக்கோயிலுக்கு அறநிலையத் துறை. ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டி விலகிக்கொள்ள இது வசதியான ஏற்பாடு. சாலையைக் கடக்க நிற்கும் மூதாட்டிக்கோ, இவை அனைத்தும் ஒரே சாலைதான்!

எனினும், நகராட்சி தன் கையில் ஏதுமில்லை என்று கூறிவிட இயலாது. நகரத் தெருக்களின் நடைபாதையும் விளக்கும் அதன் கடமைகள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, விற்பனைக் குழு அமைத்து, வியாபாரிகளுக்கு உரிய இடம் ஒதுக்குவதும் அதன் பொறுப்பே. ஏழை வியாபாரியை விரட்டுவது தீர்வன்று. அவருக்கும் நடப்பவருக்கும் தனித்தனியே இடம் வகுப்பதே தீர்வு. சாலையின் அமைப்பிலோ பராமரிப்பிலோ உள்ள குறையால் உயிர் போனால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கின்றது.

வேகமும் கவனிக்கத்தக்கது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கடைத்தெருவில் வேகத்தைக் குறைப்பதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. வேகத்தடை, வெள்ளைக்கோடு, நல்ல வெளிச்சம் ஆகியவையே பெரிதும் உதவும்.

இனி, நம் பங்கு. நம் வாசகர்களில் வணிகர் பலர். கடையின் முன்னே பலகையை நீட்டி, சரக்கை அடுக்கி, வாடிக்கையாளரின் வண்டியையும் அங்கேயே நிறுத்தச் செய்தால், பள்ளிப் பிள்ளைகள் எங்கே நடப்பார்கள்? லாரி ஓடும் பாதையில்தானே! மூன்றடி இடத்தில் கிடைக்கும் இலாபம் ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாகுமா?

சகோதர சகோதரிகளே! முதலில் நம் கடை வாசலைச் சீர்செய்வோம். பின்னர் நம் வார்டு உறுப்பினரிடமும் பகுதி சபையிலும், நடைபாதை எங்கே, விளக்கு எங்கே என்று எழுத்து மூலம் கேட்போம். தன் வாசலைச் சீர்செய்தவனின் கேள்விக்கே வலிமை அதிகம்.