காசு கட்டமுதல் கேளுங்கோ

ஏ.எல் பெறுபேறு வந்து ரெண்டு நாளுக்குள்ள பேஸ்புக் முழுக்க விளம்பரம். வெள்ளைக் கோட், கழுத்தில ஸ்டெத், பின்னால ஒரு சி.ரி மெசின். "மெடிக்கல் இமேஜிங் டிப்ளோமா. ஆறு மாதம். வேலை உறுதி." ரேடியோகிராபரின் வேலையில் ஸ்டெத்துக்கு வேலையே இல்லை என்பதுகூட விளம்பரம் செய்தவருக்குத் தெரியவில்லை.

எங்கட வட்டத்தில ஒருத்தி இப்படியொரு இடத்தில சேர்ந்தாள். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. குறிப்புக் கொப்பி, பவர்பொயின்ற், கடைசியில் தொப்பி போட்டு ஒரு படம். பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்கு நேர்முகத்துக்குப் போனாள். கேட்டது ரெண்டே ரெண்டு கேள்வி. மருத்துவ சபைப் பதிவு இருக்கா? நீங்களே நின்று எத்தனை நெஞ்சுப் படம் எடுத்திருக்கிறீங்கள்? ரெண்டுக்கும் அவளிட்ட பதில் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டபோது படிப்பித்தவர்கள் சொன்னது: "உங்களுக்கு சொஃப்ட் ஸ்கில்ஸ் போதாது."

இந்தக் கதையைத்தான் நாங்கள் ஏற்க மறுக்கிறோம். வேலை கிடைக்காததைப் பிள்ளையின் குறையாக்கிவிட்டு, காசு வாங்கியவர் கையைக் கழுவுகிறார். ஆங்கிலமும் நல்ல பேச்சும் தேவைதான். ஆனால் அவை மூன்றாவது, நாலாவது விசயம்.

முதலாவது பதிவு. இலங்கையில் ரேடியோகிராபர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்யவேண்டும். வெளிநாடு போனாலும் இதே கதைதான். இங்கிலாந்தில் எச்.சி.பி.சி பதிவு, துபாயில் டி.எச்.ஏ அனுமதி. பதிவுக்குக் கொண்டுபோகாத சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

இரண்டாவது, ஆளைத் தொட்டுப் பழகிய கை. ஒரு சாதாரண நெஞ்சுப் படத்தையே எடுங்கோ. தோளை முன்னுக்குத் தள்ளி நிறுத்தாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கும். மூச்சை நல்லா இழுத்துப் பிடிக்காவிட்டால் இதயம் உள்ளதைவிடப் பெரிசாத் தெரியும். வைத்தியர் குழம்புவார், இல்லாவிட்டால் படம் திரும்ப எடுக்கவேணும். திரும்ப எடுத்தால் நோயாளிக்கு இன்னொரு தரம் கதிர். தமிழ் மட்டும் தெரிந்த அம்மம்மாவிட்ட "ஹுஸ்ம கன்ன" என்றால் அவ எப்படி மூச்சை இழுப்பா? அநுராதபுரத்தில வேலைக்குப் போற தமிழ்ப் பிள்ளைக்கும் இதே சிக்கல் மறுபக்கமாக வரும். ரெண்டு மொழியிலும் "இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ" சொல்லத் தெரிவதும் தொழில்திறன்தான்.

எம்.ஆர்.ஐ அறையில் ஸ்கான் நடக்காத நேரமும் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு ஒட்சிசன் சிலிண்டரை உள்ளே கொண்டுபோனால் அது பறந்துபோய் மோதும். நோயாளிக்குப் பேஸ்மேக்கர் இருக்கா என்று கதவடியில் கேட்கிறவர்தான் அங்கே உயிரைக் காக்கிறார். சி.ரிக்கு மருந்து ஏற்றமுதல் சிறுநீரகத்தையும் ஒவ்வாமையையும் விசாரிக்கவேணும். வயிற்றில் பிள்ளை இருக்கலாமா என்று ஒரு பெண்ணிடம் கூச்சப்படுத்தாமல் கேட்கவேணும். ஸ்லைட்டைப் பார்த்து இதையெல்லாம் பழக முடியாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபி நாலு வருடப் பட்டப்படிப்பு. நாலு வருடம் சும்மா வைக்கவில்லை. ஆனால் அங்கே இடம் கொஞ்சம். இசட் புள்ளியில் தவறிய பிள்ளைகளின் ஏக்கத்தில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். தனியார் படிப்பு எல்லாமே ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. உதவியாளர் வேலைக்கான பயிற்சி என்றால் அப்படியே சொல்லி, அதற்கேற்ற காசு வாங்கட்டும். உதவியாளர் படிப்பை ரேடியோகிராபர் என்று விற்பதுதான் களவு. எந்தப் படிப்புப் பதிவுக்குச் செல்லும் என்ற பட்டியலைத் தமிழில், ஒவ்வொரு பாடசாலை அறிவித்தல் பலகையிலும் ஒட்டவேண்டியது அரசின் பொறுப்பு. அதை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.

அதுவரைக்கும், தம்பி, தங்கச்சி, காசு கட்டமுதல் நாலு கேள்வி கேளுங்கோ. இதை முடித்தால் மருத்துவ சபையில் பதியலாமா? எந்த மருத்துவமனையில், எத்தனை மணித்தியாலம் பயிற்சி? பக்கத்தில் நின்று திருத்துகிற ரேடியோகிராபர் யார்? போன வருடம் முடித்தவர்கள் இப்ப எங்கே வேலை செய்கிறார்கள்?

பதிலை எழுத்தில் கேளுங்கோ. "அதெல்லாம் பிறகு பாப்பம், முதல்ல பதிவுக் காசைக் கட்டுங்கோ" என்றால் எழும்பி வாங்கோ. அம்மாவின் காப்பு கையிலயே இருக்கட்டும்.