அச்சத்துக்கு ஒதுக்கிய ஆற்றல்

தாரைப் பொறியின் உயிர் அதன் அமுக்கியில் இருக்கின்றது. முன்வாயிலிற் புகும் காற்றை அடுக்கடுக்கான அலகுகள் நெருக்கிப் பின்தள்ளுகின்றன. அழுத்தம் மிகுந்தால் உந்துவிசை மிகும். ஆயின் திணறலும் அணுகி வரும். வானூர்தி திடுமெனத் திரும்பும்போது புகும் காற்று கலங்கினால், அமுக்கி திணறி விசை குலையும். இதற்கஞ்சியே பொறியாளர் அழுத்தத்தை என்றும் தாழ்த்தி வைத்தனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, வானில் பிழைத்தால் திருத்த இடமேது? எனினும், நேராகப் பறக்கும் நெடும்பொழுதிலும், வாராத திணறலுக்காக ஆற்றல் முடங்கிக் கிடந்தது.

1986-இல் அமெரிக்க நாசா ஆய்வாளர் எஃப்-15 போர் வானூர்தியில் இவ்வழக்கை மாற்றினர். பறப்பை ஆளும் கணிப்பொறியையும் பொறியை ஆளும் கணிப்பொறியையும் இணைத்தனர். (ஓருடலில் ஒன்றையொன்று அறியாத இரு மூளைகள் அதுவரை இருந்தமையே விந்தை!) ஊர்தி நேரே செல்கையில் அழுத்தம் உயர்ந்தது, திருப்பம் நேர்கையில் தாழ்ந்தது. உந்துவிசை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியது. செய்தியைப் பகிர்ந்துகொண்டதே இவ்வூதியத்தின் முதல்.

கணக்கை மட்டும் நம்பி அவர்கள் அமைந்துவிடவில்லை. எல்லை எங்குளதெனக் காண, பறக்கும்போதே பொறியை வேண்டுமென்றே திணற வைத்துப் பார்த்தனர். கடுந்திருப்பங்களில் அது தானாக ஒருமுறையும் திணறவில்லை.