மலைக்கு எந்தப் பக்கம்?



ஜூன் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை பற்றிய பேச்சு தொடங்கிவிடும். அதே நாள்களில் நம் கோலப்பிலா, பகாவ் வட்டாரங்களில் வானம் கைவிரித்துவிடும். நெகிரி செம்பிலானின் உட்பகுதியில் ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்கள் ஜூனும் ஜூலையும்தான். அங்கும் இங்கும் காற்று தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே மலைப்பக்கம் மழை, இங்கே வெயில். ஏன் இப்படி என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் பெற்றோரின் சம்பளமே அதில் அடங்கியிருந்தது.

ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறியாக வேண்டும். ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்துவந்த நீரை மோதிய பக்கத்திலேயே கொட்டிவிடும். தாண்டி இறங்கும்போது அது காய்ந்த காற்று. அப்படிக் காய்ந்துபோகும் பக்கத்தைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

நமக்கு மேற்கே, சுமத்திரா நெடுக, சுமார் 1,700 கிலோமீட்டருக்கு பாரிசான் மலைத்தொடர் நிற்கிறது. அதன் கெரிஞ்சி சிகரம் 3,805 மீட்டர் உயரம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அந்த மலையில் பெருமளவு மழையை இறக்கிவிட்டுத்தான் மலாக்கா நீரிணையைத் தாண்டி நம்மிடம் வருகிறது. 1997இலும் 2015இலும் சுமத்திராவின் காட்டுத்தீப் புகை நம்மைத் திணறடித்ததும் இந்தப் பருவத்தில்தான். புகையை அடித்துக் கழுவ மழை இல்லாமல் போயிற்று.

நவம்பரில் காற்று திசை மாறும். வடகிழக்கிலிருந்து வரும் மழையைக் கிளந்தானும் திரெங்கானுவும் பகாங் கரையும் வாங்கிக்கொள்ள, நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் தடுத்து நிற்கும். அந்தத் தொடர் தெற்கே இறங்கித் தணிவது நம் மாநிலத்தில். இங்குள்ள உயர்ந்த சிகரமான குனோங் பெசார் ஹந்து 1,462 மீட்டர். அது இருப்பது ஜெலுபு வட்டாரத்தில். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கான ஜெலுபுவுக்கு எந்தப் பருவக்காற்றும் முழு மழையைக் கொண்டுவருவதில்லை. நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: ஆண்டுக்குச் சுமார் 1,650 மில்லிமீட்டர். மலையடிவாரத்தில் காற்றை நேராக எதிர்கொள்ளும் தைப்பிங்கில் சுமார் 4,000.

போர்ட்டிக்சன், லிங்கி பக்கத்துத் தோட்டங்களின் கதை வேறு. மே முதல் ஆகஸ்டு வரை அங்கே விடியற்காலையில் 'சுமத்திரா' என்னும் சூறைமழை வரும். இரவில் நீரிணையின் இரு கரையிலிருந்தும் கடலை நோக்கி வீசும் தரைக்காற்றுகள் நடுக்கடலில் சந்தித்து இடிமேகங்களாகத் திரள்கின்றன. தென்மேற்குக் காற்று அவற்றை நம் கரைக்குத் தள்ளிவிடுகிறது. முதலில் மேற்கு வானம் கறுக்கும். சட்டென்று குளிர்காற்று அடிக்கும். பிறகு ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். அதனால்தான் கரையோரத்தில் ஜூன், ஜூலை வறட்சி அவ்வளவாகத் தெரிவதில்லை. உள்ளே போகப் போக இந்த மழைக்கு வலு குறையும்.

இந்தச் சூறைமழை வரும் நேரத்தைக் கவனியுங்கள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஆள் திரளும் நேரம். பால்மரத்தை இருட்டோடு வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். பட்டை நனைந்திருந்தால் வெட்டிய கோட்டில் பால் நிற்காது. பட்டையெல்லாம் வழிந்து மரத்தடி வெளுக்கும். வெட்டிய பிறகு மழை பிடித்தாலோ மங்கில் தண்ணீர்தான் மிஞ்சும். நாள் சம்பளத்துக்கு உழைத்தவர்களுக்கு அது கூலியில்லாத நாள்.

இங்கேதான் நம் வரலாறும் வந்து சேர்கிறது. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் மிகப் பலர் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள். தென்மேற்குப் பருவத்தில் அந்த ஊர்களெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருப்பவை. மலைமேல் வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும்போது, கீழே கோவையில் 700கூடத் தேறுவதில்லை. ஒரு மலையின் மறைவிலிருந்து கப்பலேறியவர்கள் இன்னொரு மலையின் மறைவில் வந்து இறங்கினார்கள். மழைக்காக மாரியம்மனுக்குப் பொங்கலிட்டவர்கள், விடியற்காலை மழையைக் கண்டு கலங்க வேண்டியதாயிற்று. வானத்தைப் படிக்கும் பாடத்தை அவர்கள் முதலிலிருந்து கற்றுக்கொண்டார்கள். எந்த மேகம் மலையைத் தாண்டும், எது தாண்டாது என்று சொல்லத் தெரிந்திருந்தது. அதுவும் அறிவியல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்று பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை. அதற்கு ஆண்டு முழுவதும் பரவலாக, சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும். வறட்சி நீண்டால் பெண் பூக்கள் குறைந்து, அதன் பாதிப்பு ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துக் குலையில் தெரியும். நீலாய், லாபு பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டம் போனால் அந்த மண்ணின் மழையைப் பற்றித் தெரிந்தவர்களும் கலைந்துபோகிறார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்ட ஆபீஸ்களில் மழைமானி வைத்து நாள்தோறும் அளவு குறிக்கும் வழக்கம் இருந்தது. அந்தக் குறிப்பை எழுதிய கிராணியோ, மழை பார்த்து நிரைக்குப் போன பால்மரத் தொழிலாளியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்தத் தோட்டம், மலைக்கு எந்தப் பக்கம், மழை எந்த மாதத்தில் எந்த நேரத்தில் வரும், வருவதை எதை வைத்துக் கண்டுகொண்டார்கள் என்ற விவரங்கள் போதும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும் கடிதங்களை வட்டாரவாரியாகத் தொகுத்து வெளியிடுவோம். நம் பிள்ளைகள் பாடநூலில் ஜெலுபுவைப் படிக்கும்போது, அந்தப் பக்கத்தோடு சேர்த்துப் படிக்கத் தாத்தா பாட்டியின் குறிப்பும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்